வடசேரியில போர்டு இல்லாத ஒரு சைக்கிள் கடையும் நல்லார்பர் ரோட்டுல ஓடின எனக்க பின் வீலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், இந்த லீவுக்கு ஊருக்கு வந்து அந்தக் கடைக்கு மறுபடியும் ஒருக்கா போயிட்டு வந்த பிறகுதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. நாகர்கோவில் வடசேரியில பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை இருக்கு. போர்டு கிடையாது. பலகைக் கதவு, வெளிய ஆணியில தொங்குற பழைய டயரு, வாசல்ல கவுத்திப் போட்ட ரெண்டு மூணு சைக்கிளு, அவ்வளவுதான் அடையாளம். கடைக்காரரு பேரைப் போடவான்னு கேட்டேன், "பேரெல்லாம் எதுக்கு மக்ளே, வேலை தெரிஞ்சா ஆளு வரும்"னு சொல்லிட்டாரு, அதனால இதுல அண்ணாச்சின்னே எழுதுறேன். வயசு எழுவதுக்குப் பக்கம். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுதாங்க.

நான் வில்லுக்குறி பக்கம். பிளஸ் ஒன்ல கவர்மெண்டு குடுத்த இலவச சைக்கிள்தான் எனக்குன்னு வந்த முதல் சைக்கிள், அதுலதான் தக்கலை வரை சவட்டிப் படிச்சேன். இப்போ ஆஸ்திரேலியாவுல, அடிலெய்டுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ். எங்க வார்டுக்கு வர்ற ஆளுங்கள்ல பலபேரு ஃப்ளையிங் டாக்டர்ங்கிற விமான மருத்துவ சேவையோட விமானத்துல வந்து இறங்குறவங்க, செடூனா மாதிரி 700, 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்ல இருந்து. அந்த விமானம் இல்லேன்னா அவங்க நிலைமை என்னன்னு தினமும் கண்ணால பாக்குறோம். ஜான் ஃப்ளின்னு ஒரு பாதிரியாரு 1928-ல குயின்ஸ்லாந்துல க்ளான்கரிங்கிற ஊர்ல தொடங்கி வச்சது, இன்னிக்கு வரைக்கும் நன்கொடையிலயும் ஓடுது. அதுக்குப் பணம் திரட்ட நாங்க வார்டுல 6 பேரு சேந்து நார்ஸ்மன்ல இருந்து செடூனா வரைக்கும், ஆஸ்திரேலியாவோட தெக்குப் பக்கம் இருக்கிற நல்லார்பர் சமவெளி வழியா சைக்கிள்ல போறதுன்னு முடிவு பண்ணினோம். ஏறக்குறைய 1200 கிலோமீட்டர். கூட வேலை பாக்குறவங்க, அவங்க சொந்தக்காரங்க எல்லாரும் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு எழுதிக் குடுத்தாங்க, அதாவது நாம நடுவழியில நின்னா பணமும் அங்கயே நிக்கும்.

கூட வண்டி எதுவும் வராது, சாமான் எல்லாம் அவங்கவங்க சைக்கிள்லதான். நான் வாங்கினது பழைய டூரிங் சைக்கிளு, ஃபிரேம் நல்ல ஸ்டீல், ஆனா பின் வீல்தான் தொல்லை. பை ரெண்டையும் மாட்டிட்டு 50 கிலோமீட்டர் போனாலே ஒரு போக்ஸ் கம்பி டங்குன்னு போயிரும். அங்க ஒரு பெரிய கடையில மூணு தடவை மாத்திக் குடுத்தாங்க, மூணு தடவையும் வேற வேற கம்பி போச்சு, கடைசியில வீலையே புதுசா வாங்குன்னாங்க, அதுவும் மிஷின்ல கோத்த வீல்தான், விலை கேட்டா தலை சுத்துச்சு. அப்போ மே மாசம் ஊருக்கு வர்ற லீவு இருந்துச்சு. சைக்கிளைப் பெட்டியில கட்டி விமானத்துல போட்டுக் கொண்டு வந்துட்டேன். அம்மாக்கு ஒரே வெப்ராளம், ஆஸ்திரேலியாவுல இருந்து ஒடஞ்ச சைக்கிளையா கொண்டு வருவாங்கன்னு. மாமாதான் வடசேரிக்குக் கூட்டிட்டுப் போனாரு.

அண்ணாச்சி முதல்ல வீலைக் கழட்டவே இல்ல. சைக்கிளைக் கவுத்தி வச்சு ஒவ்வொரு கம்பியா விரலால சுண்டி சத்தம் கேட்டாரு. வீணைக்கு சுதி பாக்குற மாதிரி ஒரு சுத்து முழுசும். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "நீ சுண்டு, கேளு"ன்னாரு. ஒரே பக்கத்துல இருக்கிற கம்பிதான், ஒண்ணு கிண்ணுன்னு கேக்குது, பக்கத்துல உள்ளது தொளதொளன்னு சத்தமே இல்லாம கெடக்கு. "இதுல பத்து பேரு வேலை செய்யிறான், பத்து பேரு சும்மா நிக்கியான், வேலை செய்யியவன்தானே ஒடிவான், மனசிலாச்சா"ன்னு கேட்டாரு. நான் பிற்பாடு இதைப் பத்தி நெறைய படிச்சேன், இறுக்கம் சமமா இல்லாததுதான் கோளாறுன்னு அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா ஒடியுறது பெரும்பாலும் தொய்வா கெடக்கிற கம்பிதான். வீல் சுத்தும்போது ஒவ்வொரு கம்பிக்கும் பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும், தொய்வா இருக்கிற கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் முழுசா தளந்து மறுபடி இழுபடும், கொக்கி மாதிரி வளைஞ்சு வீலோட நடுவுல இருக்கிற அப்புல (ஹப்) மாட்டியிருக்கிற இடத்துல அப்படியே களைச்சுப் போய் ஒடியும். ஒடிஞ்ச ஒண்ணை மட்டும் மாத்தினா அடுத்தது ஒடியும். அந்தப் பெரிய கடையில கோட்டம் மட்டும் எடுத்தாங்க, வீல் நேரா சுத்துச்சு, ஆனா கம்பியோட இறுக்கத்தை யாரும் கேக்கல.

அவருக்கு இது எப்படித் தெரியும்னா, அவரு இருவது வயசுல இருந்து மீன்காரங்க சைக்கிளுக்கு வீல் கோத்துக் குடுத்தவரு. கொளச்சல்ல இருந்தும் கடியபட்டணத்துல இருந்தும் விடிகாலையில பின்னாடி பெரிய கூடையில ஐஸும் மீனுமா ஏத்திக்கிட்டு உள்நாட்டு ஊருக்கெல்லாம் சவட்டிப் போவாங்க, அப்புறம் மரச்சீனி மூடை, தேங்காய், மண்பானை. நம்ம பழைய சைக்கிளுக்கு முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி, கவனிச்சிருக்கீங்களா? நான் அவரு சொல்ற வரைக்கும் எண்ணிப் பாத்ததே இல்ல. பாரம் பின்னாடிதான், அதனால கம்பியும் பின்னாடி கூடுதல். எனக்க வீல் 36. "36 போதும், கோக்கியதுல இருக்கு"ன்னாரு.

இங்கதான் நான் இந்தக் கடையைப் பத்தி முக்கியமா சொல்ல வந்தது. அவரு வீலை வாங்கி வச்சுட்டு நாளைக்கு வான்னு சொல்லல. "அங்க வழியில நானா வருவேன்? நீ கோரு, நான் பாக்கேன்"ன்னு சொல்லி ஒரு பலகையைத் தள்ளிப் போட்டு உக்கார வச்சுட்டாரு. மூணு நாளு. முதல் நாளு முழுசும் பிரிக்கிறது, அப்பைக் கழுவுறது, உள்ள உருளுற பால்ரஸ் குண்டை மாத்தி கிரீஸ் வைக்கிறது, அந்தக் குண்டை அமுக்கிப் பிடிக்கிற கோனை இறுக்குறதுல எங்க நிறுத்தணும்னு கையால தெரிஞ்சுக்கிறது. ரெண்டாவது நாளு கம்பி கோக்கிறது, ஒவ்வொண்ணும் மூணு கம்பியைத் தாண்டிப் போகணும், கடைசி கிராஸுல அடியில நுழைஞ்சு வரணும், வலது பக்கம் பல்சக்கரம் இருக்கிறதால அந்தப் பக்கத்துக் கம்பி ரெண்டு மில்லி நீளம் கொறவு. நான் ரெண்டு தடவை தப்பா கோத்து ரெண்டு தடவையும் அவரு எதுவும் சொல்லாம, பைய எல்லாத்தையும் உருவி எனக்க மடியில போட்டாரு. மூணாவது தடவை சரியா வந்துச்சு. மூணாவது நாளு இறுக்கம். கம்பியை ரிம்முல பிடிச்சு இறுக்குற நிப்பிளைக் கால் சுத்து, கால் சுத்தா திருகணும், அவசரப்படக் கூடாது, நடுநடுவே இணையா போற ரெண்டு ரெண்டு கம்பியைக் கையால பிடிச்சு அமுக்கி விடணும், அப்போ டிக் டிக்னு சத்தம் வரும், கம்பி அதோட இடத்துல போய் உக்காருற சத்தம். ஃபோர்க்குல பெருவிரல் நகத்தை வச்சு ரிம் எங்க உரசுதுன்னு பாத்துதான் கோட்டம் எடுக்கிறது, அவருகிட்ட ஸ்டாண்டு எல்லாம் கிடையாது. கடைசியா மறுபடி சுண்டிப் பாத்தோம். வலது பக்கம் எல்லாமே ஒரே சத்தம், இடது பக்கம் அதை விடக் கொஞ்சம் கீழ, ஆனா எல்லாம் ஒரே சத்தம். அந்தச் சத்தம் இப்பவும் எனக்க காதுல இருக்கு.

மூணு நாளைக்கு 600 ரூவா வாங்கினாரு, கம்பி நான் கொண்டு வந்தது. கூட ஒரு சாமான் செஞ்சு குடுத்தாரு. பழைய செயின் துண்டு ஒண்ணை ஒரு பட்டை இரும்புல ரிவெட் அடிச்சு, பல்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துறதுக்கு. வலது பக்கம் கம்பி போனா பல்சக்கரத்தைக் கழட்டாம புதுக்கம்பி நுழையாது, அதுக்குத்தான் இது. "ஒனக்கு மட்டும் பாக்காதே, கூட வாறவங்க வீலுக்கும் அளவெடுத்து ஆளுக்கு ரெண்டு கம்பி கொண்டு போ"ன்னும் சொல்லி அனுப்பினாரு. இந்த ஒரு வார்த்தையைத்தான் பின்னாடி சொல்லப் போறேன்.

வீல் தாங்குதான்னு இங்கயே பாத்துட்டேன். ஜூன்ல மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பத்துப் பத்து கிலோ அரிசி மூடையைக் கட்டிட்டு வடசேரியில இருந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வரைக்கும் போயிட்டு வருவேன். அங்க காத்தாடி எல்லாம் எதுக்கு நட்டு வச்சிருக்காங்கன்னு சைக்கிள்ல போனாதான் ஒடம்புக்குத் தெரியும். கணவாய் வழியா மேக்குக் காத்து அப்படியே பிடிச்சுத் தள்ளும். போகும்போது சவட்டவே வேண்டாம், திரும்பும்போது எறக்கத்துல கூட சவட்டணும். காத்துல சைக்கிள் ஓட்டப் பழக நம்ம மாவட்டத்தை விட நல்ல இடம் நான் பாக்கல. பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஏத்தத்துலயும் ரெண்டு நாளு போனேன். ஒரு கம்பி கூட அசையல.

இனி நல்லார்பர். லத்தீன்ல மரமே இல்லாததுன்னு அர்த்தமாம். சுண்ணாம்புப் பாறைச் சமவெளி, ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர், மழை பெஞ்சா தண்ணி பாறைக்குள்ள எறங்கிரும், மேல ஆறு குளம் ஒண்ணும் நிக்காது. குளத்து ஊர்ல பொறந்த எனக்கு அதுதான் மொதல்ல மனசுல பட்டது. எயர் ஹைவேன்னு ஒரே ரோடு, 1976-லதான் முழுசும் தார் போட்டு முடிச்சாங்க. ஊருன்னு சொல்றது எல்லாம் ரோட்ஹவுஸ், ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு சாப்பாட்டுக் கடை, நாலு ரூம். நார்ஸ்மன்ல கிளம்பினா அடுத்த ரோட்ஹவுஸ் பலடோனியா 190 கிலோமீட்டர். அதுக்கு அடுத்த கைகுனா 180. நடுவுல ரெஸ்ட் ஏரியாவுல சில இடத்துல மழைத்தண்ணித் தொட்டி உண்டு, ஆனா அதை நம்பிப் போகக் கூடாது, ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணி கட்டிக்கிட்டுதான் கிளம்பினோம். பத்து லிட்டர் தண்ணி, கூடாரம், சாப்பாடு, எல்லாம் பின் வீல் மேல. மூணு டிரெய்லர் வரைக்கும் கட்டிக்கிட்டு வர்ற ரோடு டிரெயின் லாரி பக்கத்துல கடந்து போகும்போது முதல்ல காத்து நம்மளை வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும். பின்னாடி சத்தம் கேட்டாலே நாங்க மண்ணுல எறங்கிருவோம். அப்படி எறங்கி ஏறுறது ஒவ்வொண்ணும் வீலுக்கு ஒரு குத்து.

இந்த ரோட்டுல 1896-ல, ரோடே இல்லாதப்போ, ஆர்தர் ரிச்சர்ட்சன்னு ஒருத்தரு கூல்கார்டியில இருந்து அடிலெய்டு வரைக்கும் 31 நாள்ல சைக்கிள்ல போயிருக்காரு. இதை அண்ணாச்சிகிட்ட சொன்னப்போ அவரு கேட்ட ஒரே கேள்வி, "அவருக்க வீலு யாரு கோத்தது?"

பலடோனியா தாண்டிக் கொஞ்ச தூரத்துல ஒரு நேர் ரோடு தொடங்கும். 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு கூட இல்ல. நாங்க மேக்குல இருந்து கிழக்கா போனது காத்து முதுகுல வரும்னு நம்பித்தான், செப்டம்பர் மாசம், ஆனா அன்னைக்கு பாத்து எதிர்காத்து. மணிக்கு 11, 12 கிலோமீட்டருக்கு மேல போகல. தலையைக் குனிஞ்சு முன்னாடி போறவங்க டயரையே பாத்துட்டு சவட்டிட்டு இருந்தேன், மத்தியானம் தாண்டி, அப்போ டங்குன்னு ஒரு சத்தம். எனக்கு ரத்தம் ஒறஞ்சு போச்சு, எனக்கதுதான்னு. எறங்கிப் பாத்தா எனக்க வீல் இல்ல. எங்க கூட வந்த ஐசியூ டாக்டரோட பின் வீலு. புது சைக்கிளு, விலை கூடினது. வலது பக்கம், பல்சக்கரத்துப் பக்கம். ரிம் பிரேக்குல போய் உரசி நின்னுடுச்சு. பின்னாடி 90 கிலோமீட்டர், முன்னாடி 90 கிலோமீட்டர், போன்ல சிக்னல் இல்ல, ஈ முகம் பூரா மொய்க்குது. லாரியைக் கைகாட்டி நிறுத்தலாம், ஆனா டாக்டருக்குப் பணம் எழுதினவங்க கணக்கு அங்கயே முடிஞ்சிரும்.

பையில இருந்து அந்தப் பட்டை இரும்பை எடுத்தேன். ஒரு கையில செயின் துண்டைப் பல்சக்கரத்துப் பல்லுல மாட்டிப் பிடிச்சு, இன்னொரு பக்கம் ஸ்பேனரைப் போட்டு டாக்டர் மேல ஏறி மிதிச்சாரு, பூட்டு கழண்டது. அளவெடுத்துக் கொண்டு போன கம்பி சரியா உக்காந்துச்சு. அப்புறம் அவரு பாத்துட்டு நிக்க, நான் அந்த வீலை முழுசா ஒரு சுத்து சுண்டிப் பாத்தேன். அதே கதைதான், பாதி கிண்ணுன்னு, பாதி தொளதொளன்னு. எல்லாத்தையும் கால் சுத்து கால் சுத்தா சமப்படுத்தி, அமுக்கி விட்டு, நகத்தை வச்சுக் கோட்டம் எடுத்து முடிக்க ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சு. அங்க இருந்து செடூனா வரைக்கும் அந்த வீல்ல வேற ஒரு கம்பியும் போகல. எனக்க வீல்ல மொத்தப் பயணத்துலயும் ஒண்ணு கூடப் போகல. 36-ம் அப்படியே இருக்கு. இதுக்கு மேல ஒரு கடைக்கு நான் என்ன ரிவ்யூ எழுத?

இன்னொண்ணும் சொல்லணும். அந்த ஹைவேயில சில இடத்துல ரோடு திடீர்னு அகலமாகும், தார் மேல வெள்ளைக் கோடு பட்டை பட்டையா போட்டிருக்கும், ஓரத்துல ஃப்ளையிங் டாக்டர் போர்டு. ரோடுதான் ரன்வே. ஆபத்துன்னா ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்திட்டு விமானம் அங்கயே எறங்கும். அந்த வெள்ளைக் கோட்டு மேல சைக்கிளை நிறுத்திட்டு நாங்க 6 பேரும் கொஞ்ச நேரம் பேசாம நின்னோம். எங்க வார்டுக்கு வந்து கண்ணு முழிச்ச எத்தனை பேரோட முகம் ஞாபகம் வந்துச்சு தெரியுமா. எதுக்காக சவட்டுறோம்ங்கிறது அங்க கண்ணு முன்னாடி தார்ல எழுதி வச்சிருந்த மாதிரி இருந்துச்சு.

மீதிப் பயணத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். மதுரான்னு ஒரு இடம், பேரைப் பாத்ததும் நம்ம மதுரை ஞாபகம், மேட்டுல இருந்து கடலோர சமவெளிக்கு எறங்குற கணவாய், அங்கதான் பிரேக்கைச் சோதிக்கணும். யூக்லாவுல மணிக்கூட்டை 45 நிமிஷம் மாத்தணும், அந்தப் பகுதிக்குத் தனி நேரம், நாகர்கோவிலுக்கும் அங்கயும் மூணேகால் மணி வித்தியாசம், அம்மாகிட்ட பேசும்போது கணக்குப் போட்டே குழம்பினேன். அங்க 1877-ல தொறந்த தந்தி ஆபீஸ் மணலுக்குள்ள புதைஞ்சு சுவரு மட்டும் தெரியுது. ஹெட் ஆஃப் பைட்ங்கிற கடலோர இடத்துல திமிங்கலம் குட்டியோட கரைக்குப் பக்கத்துல கெடந்ததைப் பாத்தோம். சாப்பாட்டுல கடைசி வரைக்கும் கெடாம இருந்தது நான் அடிலெய்டுல அம்மாகிட்ட போன்ல கேட்டு கேட்டு செஞ்சு கொண்டு போன முந்திரிக்கொத்துதான், பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும், ரெண்டு தின்னா 20 கிலோமீட்டர் போகலாம், வெள்ளைக்காரங்க அஞ்சு பேரும் மூணாவது நாளே கணக்கு வச்சுத் தின்னத் தொடங்கிட்டாங்க. பதினாலாவது நாளு செடூனா. ஊருக்குள்ள நுழையும்போது பழம் காய்கறி இருக்கான்னு செக் பண்ணுவாங்க, கையில இருந்த ரெண்டு ஆப்பிளை முன்னாடியே தின்னு முடிச்சுட்டோம்.

போன வாரம் அந்த வீலை மட்டும் கழட்டிக் கொண்டு வந்து அண்ணாச்சிகிட்ட குடுத்தேன். ஒண்ணும் கேக்கல, முதல்ல சுண்டினாரு. ஒரு சுத்து முழுசும். இடது பக்கம் ஒரு நிப்பிளை மட்டும் கால் சுத்து திருகிட்டு, "கொள்ளாம்"னாரு. டாக்டரோட வீல் கதையைச் சொன்னப்போ பட்டை இரும்பு வளைஞ்சுதான்னு கேட்டாரு, இல்லன்னதும் ரொம்ப சந்தோஷம். அப்புறம் ஃப்ளையிங் டாக்டர் கதை. 1929-ல அங்க ஆல்ஃப்ரெட் ட்ரேகர்னு ஒருத்தரு காலால பெடலை மிதிச்சா கரண்டு வந்து ஓடுற ரேடியோ செஞ்சாரு, அதை வச்சுத்தான் ஒத்தையில கெடக்கிற பண்ணை வீட்டுல இருந்து டாக்டரைக் கூப்பிட்டாங்கன்னு சொன்னேன். அண்ணாச்சி கையில இருந்த துணியைக் கீழ வச்சுட்டாரு. "சவட்டினா டாக்டர் வருவாரா"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. உள்ள போய் ஒரு பழைய டைனமோவைத் தேடி எடுத்துட்டு வந்து, இதுல எத்தனை வோல்ட் வரும், அதுல எப்படி வந்திருக்கும்னு அரை மணி நேரம் அதே பேச்சு. நம்ம ஊர்லயும் உண்டு மக்ளேன்னு நெய்யூர் ஆஸ்பத்திரி கதையைச் சொன்னாரு, 1922-ல எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் அது முடிஞ்சு நெய்யூரைப் பாக்க வந்து, அங்க நிக்கிற நோயாளிக் கூட்டத்தைப் பாத்துட்டு, திரும்பி வந்து வருஷக்கணக்கா ஆபரேஷன் செஞ்சது. அண்ணாச்சிக்க அப்பாக்கு வயித்துல ஆபரேஷன் செஞ்சது அந்த சோமர்வெல்தானாம்.

செரி, போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. கியர் சைக்கிளோட பார்ட்ஸ் எதுவும் அங்க கிடைக்காது, டிஸ்க் பிரேக்குல ஆயில் மாத்துற வேலை எல்லாம் அவரு தொட மாட்டாரு, அதை நேராவே சொல்லிருவாரு. கம்பி நல்ல துருப்பிடிக்காததா வேணும்னா நீங்களே அளவு பாத்து வாங்கிக் கொண்டு போங்க, கடையில இருக்கிறது சாதாக் கம்பி, நம்ம கடல் காத்துக்கு ரெண்டு வருஷத்துல துரு ஏறும். அவசரம்னா போகாதீங்க, வரிசையில முன்னாடி பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிள் இருந்தா அதுதான் முதல்ல, நீங்க எங்க இருந்து வந்திருந்தாலும் சரி. ரெண்டாவது நாளு இதுல எனக்குக் கோவமே வந்துச்சு, பஞ்சர் ஒட்ட வந்த ஒரு சின்னப் பையனுக்காக என்னை முக்கா மணி நேரம் உக்கார வச்சாரு, பையனுக்கு டியூஷன் நேரமாம். போன்ல பணம் அனுப்புற வசதி இப்போ இருக்கு, பேத்தி ஒட்டிக் குடுத்திருக்கா, ஆனா சில்லறையா குடுத்தா அவருக்கு சந்தோஷம்.

கத்துக்கணும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டு, கூடுமானா காலையில 9 மணிக்கே போங்க, சொந்தமா ஒரு நிப்பிள் சாவி கொண்டு போங்க, அவருக்கது ஒண்ணுதான் இருக்கு, அதை அவரு கையில இருந்து கீழ வைக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமை லீவு. மத்த நாளு மத்தியானம் ஒரு மணியில இருந்து மூணரை வரைக்கும் பலகை போட்டிருக்கும், சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாரு, தட்டாதீங்க.